இலவசம்தானே, அப்புறம் என்ன நிபந்தனை?

ஓப்பன் சோர்ஸ்னா பதிப்புரிமையைக் கைவிட்ட சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. பதிப்புரிமைதான் அதன் முதுகெலும்பு.

அமெரிக்காவில் ஜேக்கப்சன் - காட்சர் வழக்கைப் பாருங்கள். மாடல் ரயில்களுக்கான இலவச மென்பொருள். எழுதியவர் பெயர், பதிப்புரிமைக் குறிப்பு இல்லாமல் இன்னொருவர் அதன் கோப்புகளை எடுத்துக்கொண்டார். 'மீறியிருந்தாலும் வெறும் ஒப்பந்த மீறல்தான்' என்று தடை உத்தரவை மறுத்தது கீழ் நீதிமன்றம். காசே வாங்காதவர் என்ன நஷ்டத்தைக் காட்டுவார்?

2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது: அவை அனுமதிக்கான நிபந்தனைகள், மீறினால் அனுமதி இல்லை, அனுமதி இல்லாத நகல் பதிப்புரிமை மீறல்.

முடிவு சரி. ஆனா காரணம் கொஞ்சம் ஒல்லி. 'இன்னின்ன செய்தால்' என்ற பொருள்படும் ஒரு சொற்றொடர் உரிமத்தில் இருந்ததை அது பெரிதாகச் சாய்ந்து நிற்கிறது. அந்தச் சொல் இல்லாத உரிமம் என்னாகும்? சொந்தமா உரிமம் எழுதக் கிளம்புறவங்க யோசிக்கணும்.