பாபர், பாலையா?

குமாவுன் மலையடியில் கற்கள் குவிந்து கிடக்கும் பாபர் நிலத்தைப் பாலை என்று சென்ற மலரில் அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். கோடையில் முல்லையும் குறிஞ்சியும் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்ற சிலப்பதிகாரக் கருத்தே அவருக்கு ஆதாரம். நூல் சொல்வது சரி, பொருத்தியதுதான் தப்பு.

வியாபாரத்துக்காக ஹல்த்வானிக்குப் பலமுறை போனவன் நான். சித்திரையில் கௌலா ஆறு வெறும் உருண்டைக் கல்லாத்தான் கிடக்கும். ஆனா பக்கத்துக் காட்டைப் பாருங்க, சால் மரம் பச்சைப்பசேல்னு நிற்கும்! தண்ணீர் வற்றவில்லை; கல்லிடுக்கில் இறங்கி, தெற்கே தராயில் ஊற்றாக எழுகிறது. அங்கே நெல்லும் கரும்பும் விளைகின்றன. இதுவா பாலை?

பாலை என்று பெயரிட்டால், ஆற்றுக் கல்லை லாரியில் அள்ளுகிறவர்களுக்குத்தான் வசதி. ஐந்திணையில் அடங்காவிட்டால் பாபர் என்றே எழுதலாமே.