வழித்துணையும் மூன்று கேள்விகளும்

தனியாக ஊர் சுற்றுகிறவனுக்கு வாய்க்கும் வழித்துணை பற்றி நம் ஆட்கள் ரொம்ப உருகி எழுதுகிறார்கள். தோளில் சாய்ந்து தூங்கிய கிழவர், பெயர்கூடக் கேட்காமல் பிரிந்த நட்பு என்று போகும். சாதியெல்லாம் பஸ் படியிலேயே இறங்கிவிடுகிறது என்று ஒரு தொனி. சத்தியமங்கலத்தில் மைசூர் வண்டி ஏறுகிற எனக்கு இது பாதிதான் உண்மை.

பண்ணாரி தாண்டி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி முக்கி ஏறும்போது பக்கத்து சீட்டுக்காரர் முறுக்குப் பொட்டலத்தை நீட்டுவார். "எடுத்துக்குங்க." சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இரண்டாவது முறுக்குக்குள் கேள்வி வந்துவிடும். "எந்த ஊருங்க?" "அங்க எந்தப் பக்கமுங்க?" "யாரு ஊட்டுப் பையன்?" மூன்றே கேள்வியில் ஆளை அளந்துவிடலாம். பதிலைப் பொறுத்துப் பேச்சு வளரும், அல்லது அவருக்குத் தூக்கம் வரும். தனியாக வருகிற பெண்ணிடம் கேள்வியே வேறு: "கூட ஆரும் வர்லீங்களா?"

எம்.ஏ. வகுப்பில் மலைபடுகடாத்தை விருந்தோம்பலின் சிகரம் என்றார்கள். பரிசில் பெற்றுத் திரும்புகிற கூத்தன் எதிரே வரும் கூத்தனிடம், பன்றிக்கு வைத்த பொறி எங்கே, புனங்காவலரின் கவண்கல் எங்கே பாயும் என்றெல்லாம் சொல்லி அனுப்புகிறான். கூடப் போகாமலே துணையாகிற சொல். வழித்துணைக்கு இதைவிட நல்ல வடிவம் தமிழில் எனக்குத் தெரியாது. வகுப்பில் தாண்டிப்போன ஓர் இடம் இருக்கிறது. மலைக்குடிகளின் வீட்டுக்குள் சொந்த வீடுபோல் நுழையலாம், உறவுபோல் பேசலாம், சோறும் இறைச்சியும் கிடைக்கும். எப்போது? 'நன்னனின் கூத்தர்' என்று சொன்னால். அப்படியானால் கதவைத் திறப்பது பசியா, பெயரா? அரசனைப் பாடுகிற பிரதி அல்லவா, மலைவாசி போட்ட சோறும் நன்னன் கணக்கிலேயே சேர்ந்துவிடுகிறது. சோறு போட்டவள் என்ன நினைத்தாள் என்பதற்குப் பாட்டில் இடமில்லை.

அந்த மௌனத்துக்கு எதிரே வைத்துப் படிக்க வேண்டியது ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' (2004). இதே மலை. 1990களின் வீரப்பன் வேட்டையில், காட்டு வழியில் வந்தவனுக்குச் சோறு போட்டாயா, வழி காட்டினாயா என்பதே குற்றச்சாட்டு. ஆற்றுப்படையின் இலக்கணம் தலைகீழாகிறது: வழி சொன்னவன் உடந்தை, சோறு போட்டவள் கைதி. "எந்த ஊர்?" என்று அதிரடிப்படை கேட்டபோது சோளகரிடம் தப்பிக்கிற பதில் எதுவும் இல்லை. தொட்டி வாழ்வைச் சொல்லும் முதல் பகுதியின் நிதானம் பின்பகுதியில் இல்லை, வதைகளின் அடுக்கில் மனிதர்கள் சாட்சிகளாகச் சுருங்குகிறார்கள் என்று ஒரு குறை சொல்லலாம். முகாமில் அவர்களை அப்படித்தானே சுருக்கினார்கள்?

போன மாதம் ஆசனூரில் ஒரு மூதாட்டி, சுள்ளிக்கட்டு மாதிரி ஒடிந்த உடம்பு, ஏறினார். சீட்டு காலியாக இருந்தும் படிக்கட்டு ஓரம் தரையில் உட்கார்ந்துகொண்டார். யாரும் அவரை ஊர் கேட்கவில்லை. முறுக்குப் பொட்டலம் அந்தப் பக்கம் நீளவில்லை. என் கையிலும் ஒரு முறுக்கு இருந்தது.