படலையடியில் நின்று சொன்ன சாட்சி

2025 செப்டெம்பரில் இந்திய மத்திய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் தாம் சோஹோ மென்பொருளுக்கு மாறுவதாக அறிவித்த பிறகு, யாழ்ப்பாணத்திலும் அந்தப் பெயருக்கு மவுசு கூடியிருக்கிறது. அவர் சொன்னது ஆவணம், விரிதாள், அளிக்கை ஆகியவற்றைப் பற்றித்தான். ஆனால் கூட்டுறவுச் சங்கத்துக்கும் பாமசிக்கும் ரியூஷன் நிலையத்துக்கும் கணக்கு மென்பொருள் தேடுகிறவர்களிடம், அந்தப் புகழ் முழுவதையும் அதே நிறுவனத்தின் செயலி கட்டும் தளமான சோஹோ கிரியேட்டர் மீது ஏற்றிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இரண்டு வாதங்கள் உண்டு. உலகெங்கும் பாவிக்கிறவர்கள் நாலு நட்சத்திரத்துக்கு மேல் கொடுத்துப் புகழ்கிறார்கள் என்பது ஒன்று. செய்தவர் எங்கட ஆள் என்பது மற்றது. இரண்டாவதைக் கடைசியில் பார்க்கலாம். முதலாவதுதான் ஆதாரம் என்ற தோற்றத்தோடு வருகிறது.

புகழ்ச்சியில் பொய் இல்லை. 2006இல் வந்த கிரியேட்டரில், நிரல் எழுதத் தெரியாத ஒருவர் பெட்டிகளை இழுத்து வைத்து ஒரு பின்னேரத்துக்குள் அங்கத்தவர் பதிவுப் படிவம் ஒன்றைச் செய்துவிடலாம். அதே படிவம் கைபேசியிலும் திறக்கும். யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் திருத்தலாம் என்று வரையறுக்கலாம். கொழும்பிலிருந்து ஆள் பிடித்து மென்பொருள் எழுதுவிக்கும் செலவும் காத்திருப்பும் மிச்சம். குறை சொல்கிறவர்கள்கூட, பதிவுகள் கூடக்கூட வேகம் குறைகிறது, டெலூஜ் என்ற அதன் நிரல்மொழியைப் படிக்க வேண்டியிருக்கிறது, உதவி கேட்டால் பதில் தாமதமாக வருகிறது என்ற அளவோடு நின்றுவிடுகிறார்கள். இவை எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் ஆட்சேபம் சாட்சி சொல்லப்பட்ட நேரத்தைப் பற்றியது. பயனர் கருத்து எப்போது எழுதப்படுகிறது? பலவேளை, மென்பொருள் கைக்கு வந்து, முதல் படிவம் ஓடி, முகாமையாளர் ஆச்சரியப்பட்ட வாரத்தில். எத்தனை காலம் பாவித்தீர்கள் என்ற கேள்விக்கு ஆறு மாதத்துக்கும் குறைவு என்று பதில் போட்டவரின் நட்சத்திரமும், ஏழு வருடம் இழுபட்டவரின் நட்சத்திரமும் ஒரே சராசரியில்தான் கூட்டப்படுகின்றன. கேட்கப்படும் கேள்விகளும் இலகுவா, விலை பொருந்துமா, உதவி கிடைக்கிறதா என்று உள்ளே போகும் வழியைப் பற்றியே இருக்கின்றன. வெளியே வரும்போது என்ன கொண்டுவந்தீர்கள் என்று எவரும் கேட்பதில்லை. வெளியே வந்தவரும் பேசாமல் போய்விடுகிறார். படலையடியில் நின்று வீட்டைப் பார்த்தவர்களின் சாட்சியை, அந்த வீட்டில் மாரி கழித்தவர்களின் சாட்சியாக எடுக்க முடியாது.

காலம் கழித்தே தெரியவரும் குறைக்கு எங்களிடம் நல்ல உதாரணம் இருக்கிறது. யுனிகோட் பரவுவதற்கு முன் இங்கே தமிழில் தட்டச்சு என்றால் பெரும்பாலும் பாமினி எழுத்துருதான். திரையில் அம்மா என்று தெரிவது, கணனிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாக இருக்கும். மைக்ரோசொப்ட் அக்செஸ் தரவுத்தளத்தில் இப்படிப் பெயர்களை ஏற்றினால் முதல் நாள் எந்தக் குறையும் தெரியாது. அகரவரிசைப்படுத்தச் சொன்னால், ய என்ற எழுத்துக்கு ஆங்கில ஏ விழுவதால் யமுனா பட்டியலின் தலைப்பில் வந்து நிற்பார். அது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. பாமினியில் அகரம் சின்ன எம், ஆகாரம் பெரிய எம். அக்செஸ் ஆங்கிலத்தில் சின்ன எழுத்தையும் பெரிய எழுத்தையும் ஒன்றாகவே ஒப்பிடும். ஆகவே அனந்தனும் ஆனந்தனும் அதற்கு ஒரே ஆள். பெயர் இரட்டிக்கக் கூடாது என்று விதி வைத்திருந்தால், ஆனந்தனைச் சேர்க்கப் போகும் இலிகிதரிடம் ஏற்கெனவே இருக்கிறார் என்று அது மறுத்துவிடும். பாமினியில் ஏற்றிய முதல் மாதத்தில் கருத்துக் கேட்டிருந்தால், நன்றாக வேலை செய்கிறது என்றுதான் எவரும் சொல்லியிருப்பார். ஆனால் இந்தக் குறை திருத்தப்படக்கூடியதாக இருந்தது. கோப்பு சங்கத்தின் மேசையிலேயே கிடந்தது. பாமினியில் எந்தக் குறி எந்த எழுத்து என்பது எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்தது. பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் போட்டு யுனிகோட்டாக எடுக்க முடிந்தது.

பழைய தரவுத்தள மென்பொருளான பொக்ஸ்புரோவின் கதை இன்னும் கூர்மையானது. அதற்கு அடுத்த பதிப்பு வராது என்று மைக்ரோசொப்ட் 2007இல் அறிவித்தது. ஆதரவு 2015 ஜனவரியில் முற்றாக முடிந்தது. இன்றைய நட்சத்திரக் கணக்கில் அது தேறவே தேறாது. நீலத்திரை, விசைப்பலகைக் குறுக்குவழிகள், கைபேசியில் பார்ப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனாலும் அதன் பழைய டிபிஎஃப் கோப்பு ஒன்றை லிப்ரே ஒஃபிஸில் திறந்தால், நிரலும் நிரையுமாக விரிந்து நிற்கிறது. செய்த நிறுவனம் கைவிட்ட பின்னும் தரவு உரியவரிடம் இருக்கிறது. இணைய மேகத்தில் ஓடியவற்றின் கதி வேறு. மைக்ரோசொப்ட் தன்னுடைய அக்செஸ் இணையச் செயலிகளை 2018இல் நிறுத்தியது. கூகிள் அப் மேக்கர் 2021 ஜனவரி 19ஆம் திகதியோடு மூடப்பட்டது. அதில் கட்டிய செயலிகளை இன்னொரு தளத்துக்கு அப்படியே தூக்கிப் போக வழி இருக்கவில்லை, திரும்ப எழுதவேண்டியதாயிற்று. அந்த இரண்டு கொம்பனிகளுக்கும் பணத்தட்டுப்பாடு எதுவும் இல்லை. இலாபக் கணக்கில் ஒரு வரியை வெட்டினார்கள், அவ்வளவுதான்.

கிரியேட்டரில் தரவை எக்செலாகவோ சிஎஸ்வியாகவோ எப்போதும் இறக்கலாமே, இதில் என்ன சிறை என்று கேட்பார்கள். இறக்கலாம். ஒரு சங்கத்தின் கடன் பகுதியை எடுத்துக்கொள்வோம். அங்கத்தவர் அட்டவணை ஒன்று, கடன் அட்டவணை ஒன்று, தவணைக் கொடுப்பனவு அட்டவணை ஒன்று. இறக்கும்போது மூன்று தனித்தனிக் கோப்புகள் வரும். எந்தத் தவணை எந்தக் கடனுக்குரியது என்ற தொடர்பை, சுட்டெண்ணைக் கேட்டு எடுத்து வைக்காதவர் பெயரைப் பார்த்துத்தான் பொருத்த வேண்டும். ஒரே பெயரில் இருவர் இருந்தால் அனந்தன் ஆனந்தன் சிக்கல் இன்னொரு வேஷத்தில் திரும்பி வரும். இது கவனமாக இருந்தால் தவிர்க்கக்கூடிய தொல்லை. தவிர்க்க முடியாதவை விதிகள். தவணை தவறினால் எத்தனையாம் நாளிலிருந்து தண்டவட்டி, பிணை நின்றவர் தானும் கடன் எடுக்கலாமா, பங்குத்தொகை எவ்வளவுக்குக் குறைந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்பன டெலூஜில் எழுதப்பட்டுப் பொத்தான்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. செயலி முழுவதையும் ஒரு டிஎஸ் கோப்பாக எடுக்கலாம். அந்தக் கோப்பு ஓடும் இடம் கிரியேட்டர் மட்டுமே. சங்கத்தின் துணைவிதிகளில் பாதி, சங்கத்தில் ஒருவரும் வாசிக்காத மொழியில், வேறொருவரின் இயந்திரத்தில் இருக்கிறது. இதைக் குறையென்று எழுதிய பயனர் கருத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மேசையில் கிடந்த கணனி மட்டும் பத்திரமா என்பது நியாயமான மறுகேள்வி. ஹார்ட் டிஸ்க் செத்துப்போகும். நகல் எடுத்த பென்டிரைவ் யாருடையதோ பையோடு போய்விடும். நிரல் எழுதிய பொடியன் கனடாவுக்குப் போய்விடுவான். மேகத்தில் இந்தப் பயங்கள் குறைவு என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த இழப்புகள் எங்கள் கையில் நடந்தவை, எங்கள் கையாலேயே தடுக்கக்கூடியவை. 2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஆளுக்கு இவ்வளவு என்று டொலரில் கணக்கிடும் மாதச் சந்தாவுக்கு அந்த வருடம் என்ன பொருள்? சந்தா ஏறினால் சிறிய நிறுவனம் ஒன்றுக்குக் கண்முன் தெரியும் சிக்கனம், மூன்று இலிகிதரும் ஒரே கணக்கில் நுழைவதுதான். அதன் பிறகு எந்தப் பற்றுச்சீட்டை யார் போட்டார் என்று மென்பொருளுக்கே தெரியாது. யார் எதைத் திருத்தலாம் என்று வரையறுக்கும் அந்த வசதி, புகழுரைகளில் முதலில் சொல்லப்படும் வசதி, அன்றோடு செத்துப்போகிறது. நட்சத்திரம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் நாட்டு நாணயம் ஏறக்குறைய பாதியான ஒரு வருடத்தில் சந்தா கட்டியவர்கள்? இப்படிக் கேட்பது கிரியேட்டருக்குச் சற்று அநியாயம்தான். டொலரில் விற்கும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆனால் புகழை மட்டும் உலகத்திடம் கடன்வாங்கி, கஷ்டத்தை யாழ்ப்பாணத்துக்குத் தனியாக விடுவதும் நியாயமில்லை.

இனி, எங்கட ஆள் என்ற வாதம். சோஹோவின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தென்காசிக்கு அருகே கிராமத்தில் அலுவலகம் வைத்தார், 2021இல் பத்மஸ்ரீ பெற்றார், நிறுவனத்தை வெளி முதலீட்டுக்கு விற்காமல் வைத்திருக்கிறார். மரியாதைக்குரிய காரியங்கள். தமிழர் செய்த மென்பொருள் என்று பெருமைப்படுவதிலும் தப்பில்லை. ஆனால் டிஎஸ் கோப்புக்குத் தாய்மொழி தெரியாது. இந்த இடத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை இழுத்துவந்து எங்கள் தரவு எங்கள் கையில் என்று முழங்குகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை; அது வேறு துயரம், ஒரு கடன் பதிவேட்டுக்காக அதைச் செலவழிக்கக் கூடாது. கேட்க வேண்டிய கேள்வி சின்னது. ஒப்பந்தம் எழுதுமுன், விற்க வந்தவரை மேசையில் இருத்தி, ஒரு அங்கத்தவரின் கடன் கணக்கைத் தவணைகளோடும் தண்டவட்டியோடும் கிரியேட்டருக்கு வெளியே, வெறும் எக்செலில், இலிகிதரின் கண்முன் திரும்பக் கட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு எத்தனை மணித்தியாலம் பிடித்தது என்பதைக் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் எழுதுங்கள். நட்சத்திரங்களை அதற்குப் பிறகு எண்ணலாம்.