மூணரை நிமிஷம் சும்மா இரு

மதுரைப் பக்கத் திருவிழா மேடையில் இளையராஜா பாட்டின் டிரம்ஸ் உருட்டலை மாற்றி அடித்துப் பாருங்கள். ‘அண்ணே, அது அப்படி இல்லண்ணே’ என்று கூட்டத்திலிருந்து குரல் வரும். ராஜாவுக்கு அவற்றில் பலவற்றை வாசித்த புருஷோத்தமன் 2020-ல் மறைந்தார். அவர் பெயர் தெரியாதவர்களுக்கும் அந்த அடி மனப்பாடம்.

ராக் இசையில் இந்த உருட்டலுக்கு ‘ஃபில்’ என்று பெயர். (தவில் தீர்மானத்துக்குத் தூரத்துச் சொந்தம்.) நம்மூர்ப் பையன்கள் யூட்யூப் பார்த்துப் பழகுகிறவற்றில் ஒன்று, ஃபில் காலின்ஸின் ‘இன் தி ஏர் டுநைட்’ (1981). கைக்கு அது பெரிய கஷ்டமில்லை. ரெண்டு சாயங்காலத்தில் வந்துவிடும். ஆனால் ஆல்பத்தில் அது மூன்றரை நிமிஷம் தாண்டித்தான் வருகிறது. அதுவரை ஒரு மெஷின் தாளம் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் திடீரென்று, யாரோ கதவை உடைத்து உள்ளே வருகிற மாதிரி டமடமடம!

சிங்கிளாக வெளியிட்டபோது முன்னாலேயே டிரம்ஸ் சேர்த்துவிட்டார்கள். ஃபில் என்னவோ அதேதான். அதிர்ச்சி பாதி போயே போச்சு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

பையன்களோ அந்தச் சில விநாடிகளை மட்டும் வெட்டி எடுத்துப் பழகுகிறார்கள். முழுப் பாட்டுக்கும் உட்காரச் சொன்னால், முதல் நிமிஷத்திலேயே கை துறுதுறுக்கிறது.