செங்கல் தேக்கும் சூடு

யாழ்ப்பாணத்தில் பாண் ஒரு நேரச் சாப்பாடு. சம்பலோ பருப்போ இருந்தால் காலையில் உலை வைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பிரெட் எனப்படும் அதே பாண் நெடுங்காலம் காய்ச்சல்காரருக்கு வாங்கிப் போகும் பண்டம். அங்கே பேக்கரிக்குள் நுழைகிறவர் பப்ஸ், கேக், ரஸ்க் என்றுதான் கேட்பார். இரு கரைகளிலும் அடுப்பு வெவ்வேறாக வளர்ந்ததற்கு இந்தச் சாப்பாட்டுப் பழக்கமே முதற்காரணம் என்று நினைக்கிறேன்.

எங்கள் வெதுப்பகங்களின் பழைய போறணை, செங்கல்லால் கட்டிய வளைகூரை அறை. விறகு அதற்குள்ளேயே எரியும். எரிந்து முடிந்ததும் தணலை வாரி, நனைத்த சாக்கால் தளத்தைத் துடைத்து, நீண்ட பிடி போட்ட பலகையால் மாவை உள்ளே தள்ளி வாயை மூடுவார்கள். அதன்பின் உள்ளே நெருப்பே இல்லை. செங்கல் தேக்கிவைத்த சூடுதான் பாணை வேகவைக்கிறது. தளத்தைத் தொட்ட அடிப்பக்கத்துக்கு அது கடத்தலாகவும், மேற்பக்கத்துக்குக் கூரையிலிருந்து கதிர்வீச்சாகவும் வந்து சேர்கிறது. மாவிலிருந்து எழும் ஆவி வெளியேற வழியில்லாமல் தங்குவதால் மேல்தோல் உடனே காயாது. பாண் நன்றாகப் பொங்கும். தோல் 140 பாகை செல்சியஸ் அளவில் சிவக்கத் தொடங்கும்போதும், ஈரமுள்ள உட்பகுதி 100 பாகையைத் தாண்டாது. றோஸ் பாணின் மொறுமொறுப்பும் உள்மென்மையும் இப்படித்தான் சேர்ந்து வருகின்றன.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த முறையின் அருமை தெரியும். 450 கிராம் பாண் ஒன்றை வேகவைத்து, அதிலிருந்து 50 கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 200 கிலோயூல் வேண்டும். ஒரு தொன் செங்கல் 50 பாகை குளிர்ந்தால் 42,000 கிலோயூல் வெளிவரும். இழப்பை விட்டுவிட்டால் 200 பாணுக்கு அது போதும். விடியலில் ஊரே ஒன்றாகப் பாண் கேட்கும் இடத்துக்கு இப்படி மொத்தமாக வரும் சூடு பொருந்துகிறது. சூடு இறங்க இறங்கப் பணிஸ், பிறகு றஸ்க் என்று வேலையும் இறங்கும்.

தமிழ்நாட்டுப் பேக்கரிகள் பலவற்றில் டீசலோ எரிவாயுவோ மின்சாரமோ சூடு தருகிறது. விசிறி சூடான காற்றைச் சுழற்ற, தட்டுகள் அடுக்கிய சட்டமும் சுழல்கிறது. பலவகைப் பண்டங்களை நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுடும் கடைக்கு அந்த மாறாத வெப்பம் வசதி. ஆனாலும் ஊட்டி வர்க்கிக்கும் தூத்துக்குடி மக்ரூனுக்கும் விறகடுப்பை இன்னும் விடாதவர்கள் உண்டு. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி சேர்ந்த மக்ரூன் சிவக்கக் கூடாது. தணிந்த சூட்டில் மெல்ல உலர வேண்டும். எங்கள் போறணைக்காரர் றஸ்க்குக்கு விட்டுவைக்கும் சூட்டின் குணமும் அதுதான்.

பாணைச் சாப்பாடாக உண்ணும் யாழ்ப்பாணத்துக்கு இந்தியாவில் நெருங்கிய உறவு மும்பை. அங்கே பாவ் சுடும் விறகடுப்புகள் காற்றை மாசாக்குகின்றன என்று, 2025 தொடக்கத்தில் உயர் நீதிமன்றத் தலையீட்டுடன், ஆறு மாதத்துக்குள் தூய எரிபொருளுக்கு மாறும்படி சொல்லப்பட்டது. புகையைப் பற்றிய அந்தக் கவலை நியாயமானது. அடுப்பு வாசலில் நின்று தணல் வாரும் தொழிலாளியின் நெஞ்சுக்குள்தான் அந்தப் புகை முதலில் போகிறது.

ஆனால் எரிவாயுவை மட்டும் நம்பச் சொன்னால் எங்களுக்குத் தயக்கம் வரும். 1990இல் போர் மீண்டும் மூண்டு எரிபொருளுக்குத் தடை வந்த பின், மின்சாரமும் இல்லாத குடாநாட்டில் மாவும் விறகும் கிடைத்த நாட்களில் போறணைதான் எரிந்தது. 2022 நெருக்கடியில் எரிவாயு இல்லாமல் இலங்கையில் ஏராளமான வெதுப்பகங்கள் மூடப்பட்டன.

ஆகவே, விறகைக் கைவிடலாம், செங்கல்லைக் கைவிடக் கூடாது என்பதே என் கருத்து. மேலே சொன்ன 42,000 கிலோயூல் ஏறத்தாழ 12 அலகு மின்சாரம். குடாநாட்டில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. கூரைச் சோலார் மின்சாரத்தால் பகலில் செங்கல்லைச் சூடேற்றி, சுவரைச் சுற்றி வெப்பம் கசியாத காப்புக் கட்டினால், அந்தச் சூட்டில் இரவில் பாண் போடலாம். புதிய போறணை கட்டப்போகிறவர்கள் இப்படி ஒன்றையாவது சோதனைக்குக் கட்டிப் பார்க்க வேண்டும்.