எட்டு போர்ட், மூன்று நெட்வொர்க்

சிறிய அலுவலகங்களில் கணக்கு பார்க்கும் கணினி, சிசிடிவி கேமரா, வந்துபோகிறவர்களுக்கான வைஃபை எல்லாம் பெரும்பாலும் ஒரே சுவிட்சில்தான் தொங்கும். கேமராவுக்குள் எவனாவது நுழைந்துவிட்டால் அடுத்து அவன் தட்டுவது கணக்குக் கணினியின் கதவை. இதற்காக மூன்று சுவிட்ச் வாங்க வேண்டியதில்லை. ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் வி-லேன் வசதியுள்ள ஒன்றே போதும். டிபி-லிங்க்கின் டிஎல்-எஸ்ஜி108இ அந்த ரகம்: எட்டு கிகாபிட் போர்ட், உலோகப் பெட்டி, மின்விசிறி இல்லாததால் சத்தமும் இல்லை.

பிரவுசரில் திறந்து, 802.1கியூ முறையை இயக்கி, இப்படிப் பிரித்தேன்: போர்ட் 2 முதல் 4 வரை அலுவலகத்துக்கு (வி-லேன் 10), 5, 6 கேமராக்களுக்கு (20), 7, 8 விருந்தினர் வைஃபைக்கு (30). போர்ட் 1 ரவுட்டருக்கு.

பிரிந்துவிட்டதா என்று பார்க்க, இரண்டு லேப்டாப்புகளுக்கு வேண்டுமென்றே ஒரே சப்நெட்டில் ஐபி முகவரி கொடுத்தேன். வேறு வேறு சப்நெட் என்றால் பிங் போகாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். சோதனைக்கு அர்த்தம் இருக்காது. இரண்டும் வி-லேன் 10-இல் இருந்தவரை பதில் உடனே வந்தது. ஒன்றைப் போர்ட் 5-க்கு மாற்றியதும் நின்றுபோனது. வயர்ஷார்க்கில் பார்த்தால், முகவரி கேட்கும் ஏஆர்பி பிராட்காஸ்ட்கூட மறுபக்கம் எட்டவில்லை.

ரவுட்டருக்குப் போகும் ஒரே கேபிளில் மூன்று நெட்வொர்க்கும் கலக்காமல் ஓடுவதற்குக் காரணம், ஒவ்வொரு ஃபிரேமிலும் சுவிட்ச் செருகும் 4 பைட் டேக். அதில் 12 பிட் வி-லேன் எண்ணுக்கு. எனவே 4,094 எண்கள் கிடைக்கும். இந்தச் சுவிட்ச் ஒரே நேரத்தில் 32 வி-லேன்களைத் தாங்கும். சிறிய அலுவலகத்துக்கு அதுவே மிகை.

கவனிக்க வேண்டிய இடம் பிவிஐடி. டேக் இல்லாமல் உள்ளே வரும் ஃபிரேம் எந்த வி-லேனில் சேரும் என்பதை அந்த எண்தான் சொல்கிறது. இதைத் தனிப் பக்கத்தில் நிரப்ப வேண்டும். போர்ட் 5-ஐ வி-லேன் 20-இல் சேர்த்துவிட்டு பிவிஐடியை 1 என்றே விட்டால், கேமரா அனுப்புவது வேறு வி-லேனுக்குப் போகும். கேமராவுக்கு வி-லேன் 20-இன் ஐபி முகவரி கிடைக்காது.

குறைகள் உண்டு. வி-லேன்களுக்கு இடையே ரவுட்டிங் செய்ய இதனால் முடியாது. அலுவலகக் கணினியிலிருந்து கேமராவைப் பார்க்க அனுமதித்து, எதிர்த்திசையை அடைக்கும் விதிகளை ரவுட்டரில்தான் எழுத வேண்டும். இணைய இணைப்போடு வரும் ரவுட்டர்கள் பலவற்றில் வி-லேனைக் கையாளும் வசதி இருக்காது. நிர்வாகப் பக்கமும் குறியாக்கமற்ற எச்டிடிபியில் ஓடுகிறது. ஆரம்பக் கடவுச்சொல்லை மாற்றுவதோடு, அந்தப் பக்கத்தை அலுவலகக் கணினியிலிருந்து மட்டுமே திறப்பது நல்லது.

வி-லேன் தெரிந்த ரவுட்டர் ஏற்கெனவே இருந்தால் தயங்காமல் வாங்கலாம். இல்லையென்றால் முதல் செலவு ரவுட்டருக்கு. சுவிட்ச் அடுத்த மாதம் வரட்டும்.