திங்கட்கிழமைப் பெரட்டு

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு புத்தக விமர்சனக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மலேசியத் தோட்டத்து வாழ்க்கை பற்றிய சிறுகதைத் தொகுப்பு அது. பேச வந்த பேராசிரியர், "சஞ்சிக்கூலியாகப் போன நம் மக்கள் ரப்பர் மரத்தில் சம்பாதித்ததைத் தென்னை மரத்தில் விட்டார்கள்" என்றார். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது. கப்பலேறிய கூட்டத்தில் கணிசமான பகுதி சேரிச் சனம். அவர் சொன்ன அந்த 'நம்' மக்களில் அவருடைய தாத்தா கிடையாது. என் தாத்தா இருந்தார். நான் சிரித்தது என் தாத்தாவைப் பார்த்து.

அன்றைக்கே எழுந்து சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். 2006-லிருந்து 2010 வரை சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தவன் நான். ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் வட்டிக்கு வாங்கினது. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் லீவு. டெக்காவுக்குப் போய் ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, போன் பேசிவிட்டு, புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து டின் பீர் குடிப்போம். கடைக்குள் உட்கார்ந்து குடிக்கிற விலை நமக்குக் கட்டாது. ராத்திரி பஸ் பிடித்து டார்மெட்டரிக்கு வந்து விழுந்தால் விடியற்காலை அஞ்சு மணிக்கு விளக்கைப் போட்டுவிடுவார்கள். கக்கூசுக்கு வரிசை. ஆறு மணிக்கு லாரி. பின்னால் சாமான்களோடு சாமானாக உட்கார்ந்து போகும்போது ஒவ்வொரு குலுக்கலுக்கும் மண்டைக்குள் சம்மட்டி விழும். சைட்டில் இறங்கினதும் வரிசையாக நிற்க வைத்து, பெல்ட்டு போட்டியா, ஹெல்மெட்டு எங்கே என்று சூப்பர்வைசர் கேட்பார். நாக்கு பலகை மாதிரி இருக்கும். வாயைத் திறந்தால் வாடை அடித்துவிடும் என்று தலையை மட்டும் ஆட்டுவேன்.

வராமல் இருக்க முடியாதா? முடியாது. வராவிட்டால் சம்பளம் போகும். இரண்டு மூன்று திங்கள் அப்படிப் போனால் பர்மிட்டே போகும். பர்மிட் முதலாளியின் கையில். அதைப் ரத்து செய்தால் ஊருக்கு விமானம், ஊரில் வட்டிக்காரன்.

ஒரு திங்கட்கிழமை ஒன்பதாவது மாடிச் சாரத்தில் நிற்கிறேன். கை உதறுகிறது. பெல்ட்டின் கொக்கியை மாட்ட வரவில்லை. பக்கத்தில் வேலை செய்த பங்களாதேஷ்காரன் பார்த்துவிட்டான். அவன் குடிக்காதவன். ஒன்றும் பேசாமல் என் கொக்கியை மாட்டிவிட்டு, தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, உட்காரு என்று கையைக் காட்டினான். பத்து மணி வரைக்கும் என் பங்கையும் சேர்த்து அவனே செய்தான். அன்றைக்கு நான் முழுநாள் வேலை செய்ததாகத்தான் கணக்கு. சம்பளமும் வந்தது. இதை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது இலக்கியத்துக்கு வருவோம். குடிப்பதைப் பற்றித் தமிழில் இரண்டு குரல்கள் உண்டு. ஒன்று புறநானூற்றுக் குரல். அதியமான் செத்தபோது ஔவை அழுத பாட்டில் கள் அன்பின் அடையாளமாக வருகிறது. இன்னொன்று குறளின் குரல். 93-ஆவது அதிகாரம் கள்ளுண்ணாமை, கண்டிக்கிற குரல். ஒரு பக்கம் அரசவை, மறுபக்கம் அறவுரை. இரண்டு குரலிலும் மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியவனுக்கு இடமில்லை. போதை, மயக்கம், வெறி, மப்பு என்று குடித்த ராத்திரிக்கு நம்மிடம் இத்தனை சொல் இருக்கிறது. விடிந்த பிறகு வருகிற அந்த வேதனைக்கு எழுத்துத் தமிழில் ஒரு சொல் வேரூன்றவில்லை. 'ஹேங்ஓவர்' என்று இங்கிலீஷில்தான் சொல்கிறோம். சேரியில் 'மண்டை இடி' என்பார்கள், 'நேத்து ஊத்துனது இன்னும் இறங்கல' என்பார்கள். வேலைக்குப் போக வேண்டிய சனத்துக்குத்தான் அதைச் சொல்ல வேண்டிய தேவை இருந்தது.

நான் படித்த தோட்டத்துக் கதைகளில் பெரும்பாலானவற்றில் இந்த இடம்தான் ஓட்டை. குடிகார அப்பன் வருவான். அடிப்பான், பானையை உடைப்பான், கடைசியில் சாவான், அல்லது திருந்துவான். எழுதியவரின் இரக்கத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் கதை ராத்திரியோடு முடிந்துவிடுகிறது. அடித்தவன் விடியற்காலை எங்கே போனான், அடிபட்டவள் எங்கே போனாள் என்று அவர்கள் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் பெரட்டில்தான் இருக்கிறது.

பெரட்டு என்றால் தோட்டத்தில் ஆள் கணக்கு எடுக்கிற இடம். இருட்டோடு, அஞ்சு அஞ்சரைக்கெல்லாம் கூடிவிட வேண்டும். கிராணி பேர் கூப்பிடுவார், கங்காணி நிற்பார். ஏன் அவ்வளவு சீக்கிரம்? மரம் அப்படி. விடியற்காலையில் பட்டைக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும்; அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஒழுகும். வெயில் ஏற ஏற ஒழுக்கு குறையும். ஆக, தாமதமாக வருகிற ஒவ்வொரு ஆளும் துரைக்கு நஷ்டம்.

அதே தோட்டத்தில், அதே துரையின் பார்வையில், கள்ளுக்கடையும் இருந்தது. அரசாங்க அனுமதியோடு தோட்டத்துக்குள்ளேயே நடந்த கடைகள் அவை. காலையில் இனிப்பாக இருக்கிற கள் பொழுது ஏற ஏறப் புளித்து வேகம் கூடும். வேலை முடிந்து ஆள் வரும் நேரத்துக்குக் கள்ளும் தயாராக இருக்கும். பல தோட்டங்களில் அந்தக் கடை லாபம் தொழிலாளர் நலனுக்கான நிதி என்று சேர்க்கப்பட்டு, கோயில், திருவிழா, விளையாட்டு என்று செலவாயிற்று. கூலிக்காரன் காசிலேயே கூலிக்காரனுக்கு நலன்! கடையை மூடினால் இதைவிட மோசமான சம்சுச் சாராயத்துக்குப் போய்விடுவார்கள் என்று தோட்ட முதலாளிமார் வாதாடினார்கள். கொடுத்த கூலி சாயங்காலம் கடை வழியாகத் திரும்பி வந்தது. காலையில் எழ முடியாதவனை அதே நிர்வாகம் சோம்பேறி என்று எழுதியது. இந்த இரண்டையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வைத்துப் படிக்காமல் 'குடித்து அழிந்தான்' என்று எழுதுகிற விமர்சனம் துரையின் விமர்சனம்.

இன்னொன்றையும் பேராசிரியர்கள் மறந்துவிடுகிறார்கள். அந்தக் கடையை மூடச் சொல்லி ரத்தம் சிந்தியதும் அதே சனம்தான். 1941-இல் சிலாங்கூரில் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளில் இரண்டு என்னை உலுக்கியவை: துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம், கள்ளுக்கடைகளை மூடு. சைக்கிளும் கள்ளும் பக்கத்துப் பக்கத்தில் வந்ததைக் கவனியுங்கள். ஊரில் மேல்சாதித் தெருவில் செருப்பைக் கழற்றியவனுக்கு அந்தச் சைக்கிள் என்னவென்று தெரியும். இரண்டையும் மானப் பிரச்சினையாகவே அவர்கள் பார்த்தார்கள். பட்டாளம் வந்தது, சுட்டது. தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். யுத்தம் முடிந்த பிறகு கெடாவில் பீடோங் பக்கம் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி தொண்டர் படை என்று ஒன்றைக் கட்டினார். கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தார்கள். 1947-இல் போலீசோடு ஏற்பட்ட மோதலில் தொழிலாளி ஒருவர் உயிர் போனது. குடிப்பதற்காகச் செத்தவனைக் கதையாக்கிய நாம், குடியை நிறுத்தச் சொல்லிச் செத்தவனுக்கு எத்தனை கதை எழுதினோம்?

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் எனக்குச் சௌகரியம். குற்றம் வெள்ளைக்காரன் மேல், பெருமை நம் மேல். ஆனால் எங்கள் அப்பாயி குறுக்கே வந்து நிற்கிறார். அவரும் பால்மரம் வெட்டியவர். குடியுரிமை இல்லாதவர்கள் வேலைக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று 1969-இல் வந்தபோது, அந்த நெருக்கடியில் ஊர் திரும்பியவர்களில் ஒருவர். சாவதற்குச் சில வருஷம் முன்னால் அவர் சொன்னது இது:

"ஒங்க தாத்தா நல்ல மனுசன்தான், இல்லேங்கல. ஆனா சம்பளம் போட்ட மறுநாளு எந்திரிக்க மாட்டாரு. மொகத்துல தண்ணியடிச்சு, கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயி பெரட்டுல நிறுத்துவேன். பேர் கூப்ட்டா 'வந்துட்டேன்'னு சொல்லணும்ல, அதுக்கு மட்டும்தான் அவரு. அப்பறம் மரத்தடியில சாஞ்சுக்குவாரு. எம் மரத்தையும் வெட்டி, அவரு மரத்தையும் நாந்தான் வெட்டுவேன். வயித்துல ஒங்கப்பன். பாலு நிறுத்தா அவரு கணக்குலதான் எழுதுவாங்க. அந்தக் காச வாங்கிக்கிட்டு திரும்பவும் அங்கதான் போவாரு. கடையிலயும் நமக்குத் தனி மூலதான் தம்பி, உண்டியல் மட்டும் ஒண்ணு."

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத் தாத்தா மேல்தான் பரிதாபம் வந்தது. பிறகு சிங்கப்பூரில், அந்தப் பங்களாதேஷ்காரன் என் வேலையைச் செய்துகொண்டிருந்தபோது, முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேனே, அப்போதுதான் அப்பாயி சொன்னது முழுசாகப் புரிந்தது. துரையின் புத்தகத்தில் தாத்தாவின் பேருக்கு நேராக எழுதிய பாலில் ஒரு பங்கு அப்பாயி வெட்டியது. அதை எழுதாமல் விட்டது கிராணி மட்டுமில்லை. தாத்தாவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சாதியும் தோட்டமும் நம்மைக் குடிக்க வைத்தன என்பது உண்மை. அந்தக் குடியின் பாரத்தை நாம் நம் பெண்கள் தலையில் ஏற்றினோம் என்பதும் அதே அளவுக்கு உண்மை. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைத்தால், அது ஆண்பிள்ளைகளின் வரலாறு.

நான் ஊர் திரும்பிய பிறகு, 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, நாங்கள் உட்கார்ந்த அதே லிட்டில் இந்தியாவில் ஒரு பஸ் நம் ஊர்க்காரர் ஒருவரை மோதிக் கொன்றது. தொழிலாளர்களை டார்மெட்டரிக்குக் கொண்டுபோகிற பஸ். அவர் குடித்திருந்தார். கலவரம் வெடித்தது. 57 பேரை நாட்டைவிட்டு அனுப்பினார்கள். 2014-இல் விசாரணைக் குழு அறிக்கை வந்தது. அதையும் ஓர் இலக்கியப் பிரதி போலவே வாசிக்கலாம் என்று தோன்றுகிறது. குடி ஒரு காரணம் என்றது. வேலை நிலைமை, தங்குமிடம் பற்றிய அதிருப்தி காரணம் இல்லை என்றது. ராத்திரியை மட்டும் பார்த்து எழுதிய இன்னொரு கதை. ஞாயிறு ஒன்றே ஒன்றுதான் எங்களுடையது என்பது அதில் சூழலாக வரலாம், காரணமாக வராது.

2015-இல் சட்டம் வந்தது. அந்தப் பகுதியில் வாரக்கடைசியில், சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கட்கிழமை காலை 7 மணி வரை, பொது இடத்தில் குடிக்கத் தடை. திங்கட்கிழமை காலை 7 மணி! எங்கள் லாரி கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பெரட்டுக்கு ஆள் நின்றாகிவிட்டது. இனிமேல் தடையை எடுக்கலாம். புல்தரையில் குடித்தவனுக்குத்தான் இந்தச் சட்டம். உரிமம் பெற்ற கடைக்குள் காசு கொடுத்து உட்கார முடிந்தவன் குடிக்கலாம். கடையிலே தனி மூலை என்று அப்பாயி சொன்னது ஞாபகம் வந்தது.

நம் எழுத்தாளர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. குடிக்கிறவனை உத்தமனாக்கவும் வேண்டாம், புழுவாக்கவும் வேண்டாம். பஞ்சசீலம் பேசிய அயோத்திதாசர் நமக்கு இருக்கிறார். உபதேசம் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. கதையை ராத்திரியில் நிறுத்தாமல் விடியற்காலைக்குக் கொண்டுவாருங்கள். பேர் கூப்பிடும்போது யார் நின்றார்கள், யாருடைய கை யாருடைய மரத்தை வெட்டியது, எந்தப் பேரில் எழுதினார்கள் என்று பாருங்கள்.

சிங்கப்பூரில் அன்றைக்கு என் பேரில் எழுதிய பத்து மணி வரைக்குமான கூலி என்னுடையது இல்லை. அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, மதியத்துக்குள் என் பெல்ட்டை இன்னொரு முறை சரிபார்த்துவிட்டுப் போனான்.